ஜிப்சியின் பின் அச்சுக்கு ஒரு டார்க் ஆர்ம்

போன வெள்ளிக்கிழமை நூற்றைம்பது தேங்காயும் இரண்டு ஆட்களும் பின்னால் இருக்க, தோப்பு மணல்மேட்டில் முதல் கியரில் ஏறினேன். மேலே வந்ததும் வண்டியை நிறுத்தி, அடியில் படுத்து, பின் அச்சு எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று அறியக் கட்டியிருந்த அட்டையைப் பார்த்தேன். சாக்குக்கட்டி இழுத்த கோட்டின் நீளம் 9 மில்லிமீட்டர். போன வருஷம் இதே மேட்டில், பாரமே இல்லாமல், அந்தக் கோடு 47 மில்லிமீட்டர் இருந்தது. அதைக் குறைத்தது டார்க் ஆர்ம் என்ற, அச்சைத் திருகவிடாமல் பிடிக்கும் ஒரு இரும்புக் கை. இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இரண்டு கிராஸ் (ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் சிலுவைத் துண்டு), ஒரு யோக் (அதைப் பிடிக்கும் கவை), தப்பாக வாங்கிய ஒரு ஜோடி பார், தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஒரு ஷேக்கிள் (ஆடும் இணைப்புத் துண்டு) எல்லாம் போயிருக்கின்றன. இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் அந்தச் செலவையாவது மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி 2007 மாடல் ஜிப்சி கிங், சாஃப்ட் டாப். 1298 சிசி, 80 குதிரைச் சக்தி பெட்ரோல் இன்ஜின். ராலிகளில் பெயர் வாங்கிய வண்டி என்பதால் சின்ன வயதிலிருந்தே எனக்கு அதன்மேல் ஒரு கண். எங்கள் தோப்பு ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கினால் ஒன்றரை கிலோமீட்டர் உடைமரமும் பனையும் சொரிமணலும்தான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நேற்றுப் போன தடம் இன்றைக்கு இருக்காது. வாப்பா காலத்தில் மாட்டு வண்டி போனது. பிறகு டிராக்டருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். அதற்காகத்தான் இந்த ஜிப்சி. கடற்கரையில் நான் வண்டியை இறக்குவதே இல்லை. அங்கே பங்குனி ஆமை முட்டை வைக்கிறது. டயர் ஏறினால் குழி இருந்த அடையாளமே தெரியாமல் அமுங்கிப் போகும்.

மதுரைப் பக்கத்தில் வாங்கும்போதே பழைய உரிமையாளர் 'ஸ்பிரிங் ஓவர்' செய்து வைத்திருந்தார். ஜிப்சியில் கம்பெனி அமைப்புப்படி கமான் பட்டை (வில் மாதிரி வளைந்த ஸ்பிரிங்) அச்சுக்கு அடியில் இருக்கும். அதை அச்சுக்கு மேலே மாற்றினால் வண்டி ஐந்து இன்ச் உயரும், பார்க்க எடுப்பாக இருக்கும். எனக்கும் அந்த உயரம் பிடித்துப்போய்த்தான் வாங்கினேன். அந்த உயரத்துக்கு என்ன விலை என்பது மணலில் இறங்கிய பிறகு தெரிந்தது.

மேட்டில் ஏறும்போது பின்பக்கம் டக்-டக்-டக் என்று குதிக்கும். டயர் மணலைக் கடிக்கும், விடும், மறுபடி கடிக்கும். ஸ்டியரிங் வரைக்கும் அந்த அதிர்ச்சி வரும். ஆக்சிலேட்டரை விட்டால் நிற்கும், ஆனால் வண்டியும் புதைந்துவிடும். அக்டோபரில், இன்ஜின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்டின் கிராஸ் உடைந்தது. புதுசு 650 ரூபாய். டிசம்பரில் அடுத்த கிராஸ், கூடவே யோக்கின் காதும் போனது. கிராஸை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் வாழ்நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ராமேஸ்வரத்தில் ஒரு மெக்கானிக் மாமா இருக்கிறார். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை 2017-இல்தான் திறந்தார்கள். அதற்கு முன்னால் தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றி மணலில் ஓடிய ஜீப்புகளையும் வேன்களையும் பழுது பார்த்தே கை காய்த்தவர். வண்டியை ஏற்றி இறக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தரையில் குந்தியபடி கவனித்தார். "தம்பி, கிராஸ்ல ஒரு கோளாறும் இல்ல. டிஃப்ரன்ஷியல் மூக்கு மேல தூக்குது. மூக்க அமுக்குனாத்தான் கிராஸ் நிக்கும்" என்றார். மூக்கு என்றால் ஜாயிண்ட் ஷாஃப்ட் வந்து மாட்டும், அச்சின் முன்முனை.

அவர் சொன்னது எவ்வளவு தூரம் என்று பார்க்க ஒரு ஏற்பாடு செய்தேன். மூக்கின் நுனியில் இருக்கும் பினியன் ஃபிளாஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் நுனியில் வெல்டர்கள் கோடு போடும் சாக்குக்கட்டியைச் சொருகினேன். அதற்கு எதிரே, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸிலிருந்து ஒரு கெட்டி அட்டையைத் தொங்கவிட்டேன். மூக்கு எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவுக்கு அட்டையில் கோடு விழும். முதல் ஏற்றத்திலேயே 47 மில்லிமீட்டர். அச்சின் மையத்திலிருந்து அந்தக் கம்பி 260 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. கணக்குப் போட்டால் அச்சு ஏறக்குறைய பத்து டிகிரி பின்னால் முறுக்கிக்கொள்கிறது. கமான் பட்டை பாம்பு மாதிரி எஸ் வடிவத்துக்கு வளைகிறது, ஒரு கட்டத்தில் உதறிக்கொண்டு திரும்புகிறது. அந்த உதறல்தான் குதிப்பு. ஒவ்வொரு உதறலிலும் அடி வாங்குவது கிராஸ்.

பட்டை அடியிலேயே இருந்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. தரையிலிருந்து பட்டைக்கு உள்ள உயரம்தான் முறுக்கும் நெம்புகோல். முன்பு 28 சென்டிமீட்டராக இருந்திருக்க வேண்டியது, ஸ்பிரிங் ஓவருக்குப் பிறகு 41 ஆகியிருந்தது. ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு.

மாமா சொன்ன முதல் வைத்தியம் பழைய தனுஷ்கோடி வைத்தியம். லாரி டயரிலிருந்து வெட்டிய ரப்பர்க் கட்டையை மூக்குக்கு நேர் மேலே சேஸிஸில் போல்ட் போட்டு நிறுத்துவது. மூக்கு எழும்பினால் ரப்பரில் முட்டி நிற்கும். செலவு 200 ரூபாய்க்குள். இரண்டு வாரம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பாரம் ஏற்றினால் பட்டை தாழ்ந்து, ரப்பர் எந்நேரமும் முட்டிக்கொண்டு, மேடு பள்ளத்தில் குண்டு போட்ட மாதிரி சத்தம். மெதுவாகப் போகும் ஜீப்புக்கு அது போதும். 80 குதிரை இன்ஜினுக்குப் போதவில்லை.

அடுத்து ராமநாதபுரம் பட்டைக் கடையில் முன்பாதிக்கு மட்டும் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டேன். 1,400 ரூபாய். கோடு 47-இலிருந்து 38-க்கு இறங்கியது. வண்டி மாட்டு வண்டியாகிவிட்டது. உம்மா ஒரே ஒரு தடவை ஏறிவிட்டு, இனி ஆட்டோவில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டேன்.

இனி வருவதுதான் பெரிய தவறு. இணையத்தில் ஒரு வடநாட்டுக் கடையில் 'பெர்ஃபார்மன்ஸ் டிராக்ஷன் பார்' என்று ஒரு ஜோடி பார்த்தேன். பவுடர் கோட்டிங் செய்த சிவப்பு நிறம், இரண்டு முனையிலும் பளபளக்கும் ஹைம் ஜாயிண்ட் (உலோகக் குண்டு மூட்டு). 11,500 ரூபாய். ஏணி மாதிரி முக்கோண வடிவம். அச்சில் மேலும் கீழுமாக இரண்டு பின் (உருளை ஆணி), சேஸிஸில் ஒரு பின். இடது வலது இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வாங்குவதற்கு முன் இது எந்தத் திசையில் அசைய வேண்டும் என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை. நிறத்தையும் கனத்தையும் பார்த்தேன், பணத்தை அனுப்பினேன்.

மாட்டிய அன்று மேட்டில் குதிப்பே இல்லை. சந்தோஷத்தில் காக்காவுக்கு (அண்ணனுக்கு) வீடியோ அனுப்பினேன். பத்தொன்பதாவது நாள், வாய்க்கால் கரையைக் குறுக்காகக் கடக்கும்போது இடது சக்கரம் மேலேயும் வலது சக்கரம் பள்ளத்திலுமாக நின்றது. அடியில் படீர் என்று ஒரு சத்தம். அச்சுக் குழாயில் பற்றவைத்த பிராக்கெட், குழாயின் தோலையும் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. ஓட்டை விழவில்லை. விழுந்திருந்தால் அச்சையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஏன் பிய்ந்தது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, மிச்சமிருந்த பாரையும் கழற்றிவிட்டு, சேஸிஸை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். கொத்தனாரிடம் வாங்கிய தூக்குக்குண்டை அச்சின் முனையில் கட்டித் தொங்கவிட்டு, தரையில் சாக்குக்கட்டியால் புள்ளி வைத்தேன். பிறகு அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு புள்ளி. பட்டை நிமிர நிமிர அச்சு பின்னால் போகிறது. முழுத் தொங்கலிலிருந்து முழு அமுக்கம் வரை 18 மில்லிமீட்டர். இரண்டு முனையும் இறுகிய பார் இந்த 18 மில்லிமீட்டரை எங்கே விடும்? பட்டை ஒரு வட்டத்தில் போகச் சொல்கிறது, பார் இன்னொரு வட்டத்தில் போகச் சொல்கிறது. போதாததற்கு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பார் போட்டதால், ஒரு சக்கரம் ஏறி ஒரு சக்கரம் இறங்கும்போது அச்சுக் குழாயையே துணி பிழிவது மாதிரி பிழிகிறது. கார்ப் பந்தயத் தளத்தில், சமதரையில் அது தாங்கலாம். வாய்க்கால் கரையில் தாங்காது. பாரை விற்ற கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. என் உபயோகத்தைக் கேட்காமல் விற்றதில் எனக்கு வருத்தம் உண்டு. நானும் கேட்காமல்தானே வாங்கினேன்.

இந்தச் சமயத்தில்தான் துபாயில் இருக்கும் மச்சான் பேசினான். அவனிடம் 1998 ஷெவர்லே காமரோ ஒன்று இருக்கிறது. 1982 முதல் 2002 வரை வந்த காமரோக்களில் பின்னால் முழு அச்சு, காயில் ஸ்பிரிங். முறுக்கைத் தாங்குவதற்கு ஒற்றைக் கை. அதைத்தான் டார்க் ஆர்ம் என்கிறார்கள். அச்சில் இறுக்கமாக போல்ட் செய்து, நீளமாக முன்னால் வந்து, கியர்பாக்ஸின் வால்பகுதியில் ரப்பருக்குள் உட்காரும். அந்த ரப்பரில் கை முன்னும் பின்னும் வழுக்க இடம் இருக்கிறது. மேலும் கீழும் போக மட்டும் விடாது. மச்சான் வீடியோவில் அதைக் கையால் ஆட்டிக் காட்டியபோது, நான் பிய்த்தெறிந்த பிராக்கெட் முழுவதும் எனக்கு விளங்கியது.

அவன் கம்பெனிக் கையை எடுத்துவிட்டு வெளிக் கம்பெனிக் கை போட்டிருந்தான். எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டு, அந்த இரவு முழுவதும் குறிப்பெடுத்தேன். கியர்பாக்ஸ் வாலில் மாட்டும் கையை அவன் ஒதுக்கியிருந்தான். வேகமாகக் கிளப்பும்போது அந்த விசை முழுவதும் அலுமினிய வால்பகுதியில் இறங்கி, விரிசல் விட்ட வண்டிகள் உண்டு. அதனால் குறுக்குச் சட்டத்தில் மாட்டும் கை. குட்டையான கை கிளம்பும்போது டயரை நன்றாக அமுக்கும், ஆனால் பிரேக் போடும்போது பின்பக்கம் குதிக்கும் என்பதால் நீளக் கை. பினியன் கோணத்தைத் திருத்திக்கொள்ளத் திருகு மறை வைத்தது. முன்முனையில் ஹைம் ஜாயிண்ட் போட்டது சத்தம் போடும் என்பதால் புஷ் வைத்தது. சைலன்சர் குழாய்க்கு இடம் விடுகிறதா என்றும் பார்த்திருக்கிறான். அவன் கொடுத்தது 400 டாலர் சொச்சம். "ஒன்னு வாங்கி அனுப்பட்டுமா?" என்றான். அது அவன் அச்சின் போல்ட் துளைகளுக்கு அளந்து செய்தது. என் ஜிப்சியில் அது இரும்புத் துண்டுதான். வேண்டாம், நீ கேட்ட கேள்விகள் போதும் என்றேன்.

அந்தக் கேள்விகளை வண்டியின் அடியில் படுத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஜிப்சியில், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக, மூன்று ரப்பர் மவுண்ட்டில் தொங்குகிறது. அதில் கையை மாட்டினால் ரப்பர் முதல் நாளே கிழியும். எனவே சேஸிஸில் புதுக் குறுக்குச் சட்டம் வேண்டும். நீளத்துக்கு மாமா ஒரு வழி சொன்னார்: ஜாயிண்ட் ஷாஃப்ட் எவ்வளவு நீளமோ, கையும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கட்டும், அப்போதுதான் இரண்டும் ஒத்த வட்டத்தில் ஆடும், கிராஸின் கோணம் கெடாது. அளந்து 900 மில்லிமீட்டர் என்று வைத்தேன். எடைமேடையில் இரண்டு ஆள், சாமானோடு பின் அச்சு 560 கிலோ காட்டியது. அதில் பத்தில் ஏழு பங்கு பிடிமானம், 34 சென்டிமீட்டர் டயர் ஆரம் என்று போட்டால், 900 மில்லிமீட்டர் கையின் நுனியில் ஏறக்குறைய 150 கிலோ. கையைப் பாதியாகக் குறைத்தால் அது 300 கிலோ ஆகும். குறுக்குச் சட்டத்துக்கும் வெல்டிங்குக்கும் அந்த வித்தியாசம் பெரியது. முறுக்கினால் தனி அதிர்ச்சியும் சேரும் என்பதால் எல்லாவற்றையும் ஐந்து மடங்கு தாங்கும்படி எடுத்தேன்.

குழாய் ஒன்றரை இன்ச் ஷெட்யூல் 80 சீம்லெஸ். வெளிவிட்டம் 48.3, சுவர் 5 மில்லிமீட்டர். மேலே முக்கோணமாகச் சாய்த்துப் பிடிக்க ஒரு இன்ச் ஷெட்யூல் 80. இரண்டும் ராமநாதபுரம் இரும்புக் கடையில் வெட்டுத்துண்டாகவே கிடைத்தது. அச்சுக் குழாய் மெலிசு, போன தடவை அதன் தோல்தான் பிய்ந்தது. அதனால் இந்த முறை பிராக்கெட்டை நேராக ஒட்டவில்லை. 8 மில்லிமீட்டர் தகட்டைக் குழாயின் பாதிச் சுற்றுக்கு வளைத்து, சேணம் மாதிரி உட்கார வைத்து, அதன்மேல் பிராக்கெட். நுனிகளில் தகட்டைக் கூர்மையாக விடாமல் மீன்வால் மாதிரி வெட்டினோம். வெல்டிங் கோடு குழாயைக் குறுக்கே சுற்றாமல் நீளவாக்கில் ஓடுவதற்காக.

லேத்து வேலைக்கு மண்டபம் போனேன். அங்கே ஒரு அண்ணன் விசைப்படகு ஷாஃப்ட் கடைகிறார். இந்த வட்டாரத்தில் புஷ், ஷாஃப்ட், பின் என்றால் கார்ப் பட்டறையைவிடப் படகுப் பட்டறைக்காரர்களுக்குத்தான் கை சுத்தம். அவர்கள் வேலை கடலுக்குள் போய்த் திரும்பி வர வேண்டும். பழைய பாரில் இருந்த ஹைம் ஜாயிண்ட்டைக் கொண்டுபோய் இதையே முன்முனையில் போடலாமா என்று கேட்டேன். அவர் அதை விரலில் சுழற்றிக் காதருகே வைத்தார். உள்ளே மணல் நறநறத்தது. "பாய், இருபது நாளுக்கே இப்படிப் பேசுதே, உப்பும் மணலும் உள்ள ஊர்ல இது ரெண்டு மாசம் தாங்காது. ரப்பர் புஷ் போடுங்க. எங்க படகுல ஷாஃப்ட் ஓடுற புஷ்ஷும் ரப்பர்தான். மண்ணு வந்தாலும் விட்டுக்கொடுக்கும்" என்றார். ஜீப் பட்டைக்குப் போடும் ரப்பர் புஷ்ஷுக்கு அளவாக வீடு, அதாவது அது உட்காரும் உறை, கடைந்து தந்தார். பின்கள் இ.என்.8 இரும்பு, 16 மில்லிமீட்டர்.

போல்ட்டில் இன்னொரு தவறு செய்யப் பார்த்தேன். கடலோர ஊருக்கு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்தான் என்று கைவசம் 316 போல்ட் ஒரு பொட்டலம் எடுத்து வந்திருந்தேன். அண்ணன் தலையை ஆட்டினார். அந்த எஸ்.எஸ். ஏ4-70 வகை, 700 மெகாபாஸ்கல் இழுவிசைதான் தாங்கும். 8.8 கிரேடு இரும்பு போல்ட் 800, 10.9 கிரேடு 1,000 தாங்கும். துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், மாற்றிக்கொள்ளலாம், அறுந்தால் முன்கூட்டிச் சொல்லாது என்றார். 12 மில்லிமீட்டர் 10.9 போட்டு, மேலே கிரீஸ் தடவி, படகுக்கு அடிக்கும் எபாக்ஸி பிரைமர் அடித்தேன்.

வெல்டிங் எங்கள் ஊர் கீழக்கரையிலேயே. 7018 வெல்டிங் குச்சி ஈரத்துக்கு ஆகாது. எங்கள் ஊர்க் காற்றில் பொட்டலத்தைப் பிரித்த மறுநாளே ஈரம் ஏறிவிடும், ஈரக் குச்சி வெல்டிங்கில் பின்னால் விரிசல் வரும். பெட்டியில் 300 டிகிரியில் காயவைக்கச் சொல்லியிருந்தது. தெருமுனை பேக்கரிக்காரர் ரொட்டி எடுத்து முடித்த பிறகு அடுப்பைத் தந்தார். 260-க்கு மேல் ஏறவில்லை. இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, சுடச்சுடத் துணியில் சுற்றி சைக்கிளில் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வெல்டருக்குச் சிரிப்பு. ஆனால் முதல் குச்சியைப் பற்றவைத்ததும் தீப்பொறி சிதறாமல் வெண்ணெய் மாதிரி ஓடியதைப் பார்த்து, மிச்சக் குச்சியைத் தன் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றினார்.

அச்சில் பற்றவைப்பதற்கு முன் ஆயிலை வடித்து, உள் ஷாஃப்ட் இரண்டையும் உருவிவிட்டோம். எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளியே கடித்தோம். சக்கரப் பக்கம் கடித்தால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதன் முகத்தைப் பொத்துவிடும். ஒரு இன்ச் பற்றவைத்தால் எதிர்ப்பக்கம் ஒரு இன்ச், கை வைக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் அடுத்தது. குழாயின் இரு முனைக்கும் நூல் கட்டி நடுநடுவே பார்த்தோம். கடைசியில் நூலுக்கும் குழாய்க்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள். ஷாஃப்ட் தடங்கலில்லாமல் உள்ளே போனபோதுதான் மூச்சு வந்தது. முன்பக்கக் குறுக்குச் சட்டம் 50×50×5 பெட்டிக் குழாய். அதைச் சேஸிஸில் பற்றவைக்கவில்லை, நான்கு போல்ட். போல்ட் இறுக்கினால் சேஸிஸ் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே குழாய்த்துண்டு வைத்தோம்.

முன்முனையை 90 மில்லிமீட்டர் ஷேக்கிளில் மாட்டினேன். 18 மில்லிமீட்டர் முன்பின் ஆட்டத்துக்கு ஷேக்கிள் பதினோரு டிகிரிதான் சாய வேண்டும். அப்போது உயரம் இரண்டு மில்லிமீட்டர்கூட மாறாது. கணக்கு சரி. ஆனால் ஷேக்கிளைத் தொங்கவிட்டுப் போட்டேன். மேலே சட்டத்தில் ஒரு பின், கீழே கையில் ஒரு பின். முதல் ஏற்றத்தில் குதிப்பு இல்லை, ஆனால் கிளட்ச் விடும்போதெல்லாம் அடியில் படார் என்று ஒரு அடி. மூன்று நாள் போல்ட்டை இறுக்கிப் பார்த்தேன், புஷ்ஷை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஃபோனைக் கல்லில் சாத்தி வைத்துப் படம் பிடித்ததில்தான் தெரிந்தது. வண்டி இழுக்கும்போது மூக்கு எழும்பும், கையின் நுனியும் மேலே தள்ளும். தொங்கும் ஷேக்கிள் அப்போது தள்ளு வாங்குகிறது. கயிற்றை இழுத்தால் நேராக நிற்கும், தள்ளினால் ஒரு பக்கம் மடங்கும். ஷேக்கிளும் அதையே செய்கிறது: முன்னுக்கோ பின்னுக்கோ சாய்ந்து அடிக்கிறது.

தலைகீழாக்கினேன். சட்டத்தில் உள்ள பின் கீழே, கையில் உள்ள பின் மேலே. இப்போது இழுக்கும்போதெல்லாம் ஷேக்கிள் இழுபட்டு நேராக நிற்கிறது. பிரேக் போடும்போது மட்டும் தள்ளு வாங்குகிறது, அந்த விசை குறைவு. இதற்காகச் சட்டத்துக்குக் கீழே ஒரு பிராக்கெட் இறக்கி, சைலன்சர் குழாயை 30 மில்லிமீட்டர் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. தரைக்கும் பிராக்கெட்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்தது, உயர வண்டி என்பதால் பிரச்சினையில்லை. படார் சத்தம் அன்றோடு போயிற்று.

பினியன் கோணம் கடைசி வேலை. ஃபோனில் கோணம் காட்டும் செயலியை வைத்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்சையும் பினியன் ஃபிளாஞ்சையும் அளந்தேன். இரண்டும் இணையாக இருக்க வேண்டும். இழுக்கும்போது கொஞ்சம் எழும்பும் என்பதால் நிற்கும் நிலையில் மூக்கை இரண்டு டிகிரி தாழ்த்தி வைத்தேன். கையின் மேல் குழாயில் வைத்த மறையால் இது பத்து நிமிஷ வேலை. அந்த மறையை வைக்கச் சொன்னது மச்சான். இல்லாவிட்டால் பட்டைக்கு அடியில் ஆப்பு வெட்டிச் செருகிக்கொண்டிருப்பேன்.

செலவை எழுதிவிடுகிறேன். குழாய் 1,150. தகடு, கேஸ் கட்டிங்கோடு 900. லேத்து, பின், வீடு எல்லாம் 1,800. போல்ட் 640. குச்சி 380. வெல்டருக்கு இரண்டு நாள் கூலி 2,600. பிரைமர் 750. ரப்பர் புஷ் 480. மொத்தம் 8,700 ரூபாய். பிய்ந்துபோன சிவப்பு ஜோடியைவிட 2,800 குறைவு.

மணலில் டயர் காற்றை 14 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிட்டுத்தான் இப்போதும் போகிறேன். எந்தக் கையும் காற்றழுத்தத்துக்கு மாற்று இல்லை. ஆர்ம் போட்ட பிறகு கிராஸ் ஒன்றும் உடையவில்லை. பினியன் சீலில் ஆயில் கசிவு இருந்தது, அதுவும் தானாகவே நின்றுவிட்டது. ஆட்டம் குறைந்ததால் என்று நினைக்கிறேன்.

மறுபடி செய்தால் இரண்டு விஷயத்தை மாற்றுவேன். அச்சில் பற்றவைக்காமல், குழாயை இரண்டு பாதியாகக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் போடுவேன், கழற்றினால் அச்சு பழையபடி இருக்கும். அதற்கு முன்னால், பட்டையை அச்சுக்கு அடியிலேயே திரும்ப வைத்துவிட்டு அளந்து பார்ப்பேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அடுத்த எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) முன் ஸ்பிரிங் ஓவரை எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஐந்து இன்ச் உயரத்தை விடுவதற்கு மனசு வலிக்கிறது. ஆனால் நெம்புகோல் 41-இலிருந்து 28-க்கு வந்தால் அட்டையில் கோடு எவ்வளவு விழும் என்று பார்க்கும் ஆசையும் இருக்கிறது.

அதற்குள் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. ஷேக்கிள் பின்னில் கிரீஸ் நிப்பிள் வைக்க மறந்துவிட்டேன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பின்னை உருவித் துடைத்துப் பூச வேண்டியிருக்கிறது, உருவும்போதெல்லாம் உப்புப் பூத்த சிவப்புத் துரு கையில் ஒட்டுகிறது. திங்கட்கிழமை பின் இரண்டையும் எடுத்துக்கொண்டு மண்டபம் போகிறேன். அண்ணன் நடுவில் துளை போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.